டெலமார் குடும்பத்துக் கடிகாரம்

1

மஸ்கட்டில் நான் ஒரு பிரெஞ்சுப் பரம்பரையின் வாரிசு. யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊரில் இருந்து இதை வாசிக்கிற நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள். எங்கள் வீட்டு வளவுக்கு வழி கேட்டு வருகிறவர்களுக்கு வேலிக்கு மேலால் கைகாட்டிப் பழகிய உங்களுக்குத் தெரியாத கதையா?

தெரியாதவர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன். என் பூட்டன் தகப்பன் இல்லாத பிள்ளை. வயிற்றுக்கு வழியில்லாமல் அவரை அமெரிக்க மிஷன் விடுதிப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டார்கள். அந்தக் காலத்தில் அங்கே ஒரு வழக்கம் இருந்தது. அமெரிக்காவில் யாராவது ஒரு பக்திமான் ஒரு பிள்ளையின் சாப்பாட்டுக்கும் உடுப்புக்கும் பணம் அனுப்பினால், அந்தப் பிள்ளைக்கு அவருடைய பெயரையே வைத்துவிடுவார்கள். கந்தன் என்று உள்ளே போன பூட்டன் ஜோன் டெலமார் என்று வெளியே வந்தார். அசல் டெலமாரை அவர் கண்ணால் கண்டதில்லை. அந்த மனிதர் எந்த ஊர், என்ன தொழில், ஒன்றும் எங்களுக்குத் தெரியாது. சோற்றுக்கு வந்த பெயர் அது. அதை நாங்கள் வாத்தியார்மாராகவும் கிளாக்கர்மாராகவும் மூன்று தலைமுறை கட்டிக் காத்தோம். அதில் எங்களுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. நான் வெட்கப்படுவது வேறு ஒன்றுக்கு.

2

மிஸ்டர் லெஃபேவர் எங்கள் கந்தோருக்கு மனேஜராக வந்த புதிதில், சம்பளத் தாளில் கையெழுத்து வைக்கும்போது என் பெயரைக் கண்டு நிமிர்ந்தார். மஸ்கட்டின் ரூவியில் எங்கள் கந்தோர் இருக்கிற தெருவில் இந்தியர்களும் பாகிஸ்தானிகளும் நாங்களும் நிறைந்திருக்கிறோம். குட்டி, கான், பெரேரா, பிள்ளை எல்லாம் அவர் எதிர்பார்த்த பெயர்கள். டெலமாரை அவர் எதிர்பார்க்கவில்லை. என்னைக் கூப்பிட்டுக் கதிரையைக் காட்டினார். கணக்குப் பிரிவில் இத்தனை வருஷம் வேலை செய்தும் அந்த அறைக் கதிரையில் நான் அதுவரை இருந்ததில்லை.

"இந்தப் பெயர் உமக்கு எப்படி வந்தது?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

"என் பூட்டனுக்கு அமெரிக்காவில் இருந்து வந்தது சேர்" என்றேன். இதில் பொய் இல்லை, பாருங்கள். பூட்டன், அமெரிக்கா, வந்தது எல்லாம் சரி. சோறும் உடுப்பும்தான் விடுபட்டுப் போயின.

"அப்படியா! அமெரிக்கக் கிளை" என்று அவர் முகம் மலர்ந்தார். மலர்ந்த முகத்தை வாட வைக்க எனக்கு மனம் வரவில்லை. அதோடு கதிரையும் மெத்தென்று இருந்தது.

அன்றுதான் ஹியூகனோக்கள் என்று ஒரு சாதி சனம் இருந்ததை அறிந்தேன். பிரான்சில் கத்தோலிக்கர்களுக்கு நடுவே வாழ்ந்த புரொட்டஸ்டன்ட்டுகள் அவர்கள். அவர்களும் தங்கள் முறையில் கும்பிடலாம் என்று ஒரு ராஜா எழுதிக் கொடுத்திருந்தார். அந்த எழுத்தை 1685இல் பேரன் ராஜா கிழித்துப் போட்டார். கோயில்களை இடித்தார்கள். வீடுகளுக்குள் பட்டாளத்தைக் குடி வைத்தார்கள். நாட்டை விட்டுப் போகவும் தடை. பிடிபட்ட ஆண்களைக் கப்பலில் தண்டு வலிக்க அனுப்பினார்கள். அப்படியிருந்தும் பெருந்தொகைச் சனம் இரவோடு இரவாக எல்லை கடந்து ஒல்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் தென்னாபிரிக்காவுக்கும் அமெரிக்காவுக்கும் போய்ச் சேர்ந்தது. போன இடங்களில் பட்டு நெய்தார்கள், கடிகாரம் செய்தார்கள், வங்கி நடத்தினார்கள். இப்போது அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள் உலகம் முழுவதும் சங்கம் வைத்திருக்கிறார்கள். எண்ணெயும் வங்கியும் இந்தப் பக்கம் கூட்டிவந்த பத்துப் பதினைந்து குடும்பங்கள் சேர்ந்து இங்கேயும் ஒன்றை நடத்துகின்றன. மிஸ்டர் லெஃபேவர் அதன் தலைவர். அவருடைய மனைவி செயலாளர். அந்த அம்மா எனக்கு ஒரு தடித்த சரித்திரப் புத்தகத்தை இரவல் தந்து, "உங்கள் ஆட்கள் எங்கே இருந்து கிளம்பினார்கள் என்று இதில் தேடிப் பாருங்கள்" என்றார்.

3

சங்கம் வருஷத்துக்கு ஒருமுறை, ஐப்பசி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், லெஃபேவர் வீட்டில் கூடும். முதலில் ஜெபம், பிறகு ஒரு சங்கீதம். பிரெஞ்சில் பாடுவார்கள். ஒருவருக்கும் பிரெஞ்சு வாயில் வராது. அந்த மெட்டு மட்டும் எனக்குத் தெரிந்தது. ஊர்க் கோயிலில் தமிழில் நாங்கள் இழுத்து இழுத்துப் பாடுகிற அதே மெட்டு. அதைக் கேட்டபோது நான் உண்மையாகவே இவர்களில் ஒருவன்தானோ என்று ஒரு கணம் நம்பினேன்.

சாப்பாட்டுக்கு முன் பெயர் சொல்லும் சடங்கு நடக்கும். ஒவ்வொரு குடும்பத்திலும் ஒருவர் எழுந்து மூன்று விஷயங்கள் சொல்ல வேண்டும். நாட்டை விட்டு வந்த முன்னோரின் பெயர், அவர் விட்டு வந்த ஊர், கையில் கொண்டு வந்த பொருள். மிஸ்டர் லெஃபேவரின் முன்னோர் பாண் மாவுக்குள் வைத்துச் சுட்ட வேதப் புத்தகத்தோடு வந்தாராம். வங்கிக்காரர் ஒருவரின் முன்னோர் பட்டுத் தறியின் சீப்போடு. தென்னாபிரிக்க நர்ஸ் ஒருத்தியின் முன்னோர் திராட்சைக் கொடித் துண்டுகளோடு. முந்நூறு வருஷத்துக்கு முந்திய கண்ணீர் அவர்களுக்கு இன்னும் வருகிறது. நான் அதை நக்கலாகச் சொல்லவில்லை.

முதல் வருஷம் என் முறை வந்தது. எழுந்தேன். "ஜோன் டெலமார், லா ரொஷெல், ஒரு கடிகாரம்" என்றேன். கை தட்டினார்கள். எங்கள் பரம்பரையில் கடிகாரம் கட்டிய முதல் ஆள் நான்தான். அதுவும் ரூவி சூக்கில் பேரம் பேசி வாங்கியது.

அதன்பிறகு கந்தோரில் என் நடப்பே மாறிவிட்டது. மனேஜர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். மற்றவர்கள் அவருடைய அறைக்குள் போவது ஒரே ஒரு காரியத்துக்கு: தம்பிக்கு விசா, மச்சானுக்கு விசா, மருமகனுக்கு விசா. வாசலில் நின்று தலையைச் சொறிந்துகொண்டு, "சேர், ஒரு சின்ன உதவி" என்று தொடங்குவார்கள். அவர்களை எனக்குத் தெரியும். முந்தி நானும் அந்த வாசலில் நின்றவன்தான். இப்போது நான் உள்ளே இருந்து தேத்தண்ணி குடிக்கிறவன்.

வீட்டிலும் அது பரவிற்று. என் மகள் ஷாமினி பதின்மூன்று வயதுக்காரி, இங்கேயே வளர்ந்தவள். தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில். பள்ளிக்கூடத்தில் சிநேகிதிகளிடம் தான் பாதிப் பிரெஞ்சு என்று சொல்லியிருக்கிறாள். அதைக் கேட்டு நான் சிரித்தேன், திருத்தவில்லை. "மற்றப் பாதி என்னவாம்?" என்று என் மனைவி பத்மினி அடுப்படியில் இருந்து கேட்டாள்.

4

மற்றப் பாதியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பத்மினியின் வீடு கொழும்பு வெள்ளவத்தையில் இருந்தது. எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் அதை எரித்தார்கள். மாமியும் பத்மினியின் தம்பி மகேனும் பள்ளிக்கூட முகாமில் கிடந்து, கப்பல் ஏறிக் காங்கேசன்துறையில் இறங்கி, யாழ்ப்பாணத்தில் ஒரு ஒன்றுவிட்ட உறவுக்காரர் வீட்டில் ஒதுங்கினார்கள். அங்கே என்ன நடக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இளந்தாரி என்றால் ஆமியின் சுற்றிவளைப்பு. மகேன் தெருவுக்கு இறங்குவதில்லை, பகலில் உத்தரத்துக்கு மேல் ஏறிப் படுத்திருக்கிறான் என்று மாமி எழுதினா. வெளியே போக ஒரு வழிதான் இருந்தது. இங்கே ஒரு கொம்பனி அவனுக்கு வேலை என்று சொல்லி என்.ஓ.சி. என்கிற அனுமதித் தாள் எடுத்து அனுப்ப வேண்டும். அந்தத் தாள் கையில் இருந்தால் சோதனைச் சாவடிகளில் காட்டிக்காட்டிக் கட்டுநாயக்கா விமான நிலையம் வரை போய்விடலாம். எங்கள் கொம்பனி எடுப்பதென்றால் மனேஜர் ஒரு கையெழுத்து வைக்க வேண்டும், அவ்வளவுதான். அரபியில் தட்டச்சு செய்து தர ரூவியில் மூலைக்கு மூலை கடை இருக்கிறது. லேபர் ஆபீசுக்கு அலைய கொம்பனிக்கு ஆள் இருக்கிறது.

வெயில் ஏறத் தொடங்கிய மாதத்தில் பத்மினி கேட்டாள். "மனேச்சரிட்டை மகேன்ர விஷயம் கேட்டனீங்களோ?"

"நாளைக்குக் கேக்கிறன்."

அடுத்த நாள் காலை நான் அவருடைய அறைக்குப் போனேன். முன்னோர் நாட்டை விட்டு ஓடியதன் முந்நூறாவது வருஷத்தை நினைக்கிற சங்கக் கூட்டத்துக்கு யார் யாரைக் கூப்பிடலாம் என்று அவர் உற்சாகமாகக் கதைத்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறந்தேன். "சேர், ஒரு சின்ன உதவி" என்பதுதான் நாக்கில் வந்தது. அந்தச் சொற்களை என் வாயில் கேட்கவே எனக்குக் கூசியது. சொன்னால் அந்தக் கணமே நான் எழுந்து வாசலுக்குப் போய் நிற்க வேண்டும் போல் இருந்தது. லா ரொஷெலும் கடிகாரமும் போய், மச்சானுக்கு விசா கேட்கிற இன்னொரு சிலோன்காரனாகிவிடுவேன். "சிற்றுண்டிக்கு நான் ஏதாவது கொண்டு வரட்டுமா சேர்?" என்று கேட்டுவிட்டு வெளியே வந்தேன்.

பின்னேரம் பத்மினி கதவைத் திறந்தபடியே கேட்டாள். "என்னவாம்?"

"கேட்டனான். ஏலாதாம். இப்ப சிலோன் ஆக்களை எடுக்க வேண்டாம் எண்டு கொம்பனி ஓடராம்."

"திரும்ப ஒருக்காக் கேட்டுப் பாருங்கோவன்" என்றாள். "கேக்கிறன்" என்றேன். பிறகு ஒருநாள் "அதே பதில்தான்" என்றும் சொன்னேன்.

எங்கள் பிளாட்டுக்குக் கீழே பலசரக்குக் கடை வைத்திருக்கிறவர் காயல்பட்டினத்து சாகுல் காக்கா. பாதித் தெருவுக்கு விசா எடுத்துக் கொடுத்தவர். எப்படிக் கூச்சமில்லாமல் கேட்கிறீர்கள் என்று அவரிடம் வாயை விட்டேன்.

"இதுல என்ன கூச்சம் தம்பி? எனக்கு விசா பொறுப்பு எடுத்த அரபி, என் கஃபீல், என்னைக் கண்டாலே கலாஸ், கலாஸ், போதும்னு கையை ஆட்டுவான். நான் சலாம் சொல்லிட்டு உட்கார்ந்துக்குவேன். எனக்கா கேக்குறேன்? ஊர்ல ஒரு புள்ளை சும்மா கெடக்கான்ல" என்று சொல்லிவிட்டுப் பருப்பைக் கட்டித் தந்தார்.

பருப்பை வாங்கிக்கொண்டு மேலே வந்தேன். அடுத்த நாளும் நான் கேட்கவில்லை. உத்தரத்துக்கு மேல் ஒரு பொடியன் படுத்திருக்கிறான் என்று தெரிந்துகொண்டே கேட்கவில்லை.

5

முந்நூறாவது வருஷக் கூட்டத்துக்குக் குடும்பத்தோடு வர வேண்டும் என்று மிஸஸ் லெஃபேவர் சொல்லியனுப்பினார். எங்கள் குடும்பத்துக்காக ஷாமினியே எழுந்து சொல்லட்டும் என்றும் சொல்லியிருந்தார். ஷாமினி கண்ணாடிக்கு முன்னால் நின்று பழகினாள். முந்திய வருஷங்களில் "உங்கட பிரெஞ்சு ஆக்களுக்குள்ள நான் என்னத்துக்கு?" என்று கேட்டுவிட்டு வீட்டில் நின்ற பத்மினி, இந்த முறை அலுமாரியைத் திறந்து பட்டுச் சேலையை எடுத்தாள்.

"நானும் வாறன்."

"உமக்கு அங்க அலுப்பாயிருக்கும்."

"மனேச்சரை நான் நேர பாத்துக் கேக்கப் போறன். பொம்பிளை கேட்டா மனம் இரங்கும்."

"விருந்தில போய் உப்பிடிக் கேக்கிற பழக்கம் அவையளிட்டை இல்லை, பத்மி" என்றேன். அவள் சேலைக்கு ஊசி குத்தினாள். லெஃபேவர் வீடு இருக்கிற குர்ம் பக்கம் கார் ஓட்டிப் போகிற வழி முழுக்க, அவள் கேட்காமல் இருக்க வேண்டும் என்று நான் ஜெபம் பண்ணினேன். அப்படியும் ஒரு ஜெபம் பண்ணினவன் நான்.

சடங்கு தொடங்கியது. பாண், தறிச் சீப்பு, திராட்சைக் கொடி. ஷாமினி எழுந்து, ஒரு பிசகில்லாத இங்கிலீஷில், ஜோன் டெலமார் லா ரொஷெலில் இருந்து ஒரு கடிகாரத்தை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார் என்றாள். மார்போடு அணைத்தது அவளுடைய சொந்தச் சரக்கு. பொய் சொல்கிறோம் என்று அவளுக்குத் தெரியாது. எல்லோரையும் விட அவளுக்குத்தான் பலமாகக் கை தட்டினார்கள்.

மிஸ்டர் லெஃபேவர் மரியாதை தெரிந்த மனிதர். முந்நூறாவது வருஷம் என்பதால், பரம்பரை இல்லாவிட்டாலும் துணைவியரும் சொல்லலாம் என்று பத்மினியின் பக்கம் திரும்பினார். "உங்கள் ஆட்களைப் பற்றிக் கேட்க எங்களுக்கு விருப்பம், மிஸஸ் டெலமார்."

பத்மினி எழுந்தாள். அவளுடைய இங்கிலீஷ் கொன்வென்ட் இங்கிலீஷ். என்னுடையதை விடத் திறம்.

"என் அம்மாவின் பெயர் சரஸ்வதி. விட்டு வந்த ஊர் வெள்ளவத்தை. கொடியில் காயப்போட்டிருந்த உடுப்புகளை எடுத்துக்கொண்டு நின்றபோது வீட்டுக்குள் ஆட்கள் வந்துவிட்டார்கள். அந்த உடுப்புகள் பாதி ஈரம். அவற்றோடுதான் முகாமுக்குப் போனா. இது நடந்து இரண்டு வருஷம்."

நான் என் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளதைச் சொல்கிறேன். அந்த நேரம் நான் வெட்கப்பட்டது என்னைப் பற்றி இல்லை, அவளைப் பற்றி. பட்டுச் சேலையும் கட்டிக்கொண்டு, இவ்வளவு பெரிய ஆட்களுக்கு நடுவே, ஈர உடுப்புக் கதை சொல்கிறாளே என்றுதான்.

அவள் கதிரையில் இருக்கவில்லை. "என் தம்பி யாழ்ப்பாணத்தில் ஒளிந்திருக்கிறான். என் கணவர் இரண்டு முறை கேட்டும் நீங்கள் மறுத்துவிட்டீர்கள் என்று தெரியும். கொம்பனிக்கு விதி இருக்கும். ஆனாலும் நானும் ஒருமுறை கேட்கிறேன், சேர். அவனை இங்கே எடுப்பியுங்கள்."

மிஸ்டர் லெஃபேவர் என்னைப் பார்த்தார். அவருடைய புருவம் உயர்ந்தது, பிறகு இறங்கியது. என் முகத்தில் எழுதியிருந்ததை அவர் வாசித்து முடித்தார்.

"கேட்டிருப்பார்" என்று பத்மினியிடம் மெதுவாகச் சொன்னார். "நான் வேறு யோசனையில் இருந்து சரியாகக் காதில் வாங்காமல் பதில் சொல்லியிருப்பேன். பிழை என்னுடையது. சனிக்கிழமை காலையில் முதல் வேலை அதுதான்."

6

காரில் திரும்பிக்கொண்டிருந்தோம். ரூவி வெளிச்சங்கள் தெரியத் தொடங்கியதும் பத்மினி சொன்னாள்.

"ஒருக்காச் சொன்னா மறக்காத மனுசன் உங்கட மனேச்சர் எண்டு நீங்கள்தானே சொல்லுறனீங்கள்."

அவ்வளவுதான். இன்றுவரை அதற்கு மேல் அவள் ஒரு சொல் சொன்னதில்லை. ஏசியிருந்தால் நானும் ஏதாவது ஏசியிருப்பேன், பாரம் குறைந்திருக்கும். அவள் அந்த வசதியை எனக்குத் தரவில்லை.

பின் சீட்டில் இருந்து ஷாமினி, "டாடி, அந்தக் குளொக்?" என்றாள்.

"என்ன?"

"அது ட்ரூவா?"

சிக்னலில் பச்சை விழுந்தும் நான் காரை எடுக்காமல் இருந்தேன். பின்னால் நின்றவன் ஹோர்ன் அடித்தான். "இல்லை" என்றேன். அவள் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஒரு மாதத்துக்கு மேல் என்னோடு தேவைக்கு மட்டும் பேசினாள், அதுவும் இங்கிலீஷில்.

சனிக்கிழமை மிஸ்டர் லெஃபேவர் என்.ஓ.சி. தாளைக் கேட்டார், கொடுத்தேன், கையெழுத்து வைத்தார். ஏன் என்று கேட்டிருந்தால் நான் ஏதாவது சொல்லித் தப்பியிருப்பேன். அவர் கேட்கவில்லை. கதிரையில் இருக்கச் சொன்னார். நான் இருக்கவில்லை. நின்றபடியே பூட்டனின் கதையை, சோறும் உடுப்பும் உட்பட, முழுக்கச் சொன்னேன். அவர் பேனையை மூடி வைத்தார்.

"என் மனைவிக்கு முதல் வருஷமே தெரியும். நீர் சொன்ன லா ரொஷெல் கடிகாரம் அவள் உமக்குத் தந்த புத்தகத்தில் இருக்கிறது. வேறொரு குடும்பத்தின் கடிகாரம். ஆனால் நீர் ஆசையாகச் சொன்னீர். சொல்லிவிட்டுப் போகட்டும் என்று விட்டோம்."

நான் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தபோது, வாசலில் ஸ்டோர் கீப்பர் மலையாளி ஒருவர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். "மூட் எப்படி, பாய்?" என்று என்னிடம் கேட்டார். "நல்ல மூட். போய்க் கேளும்" என்றேன்.

7

போன கிழமை மகேன் வந்து சேர்ந்தான். சீப் விமான நிலையத்தில் என்னைக் கண்டதும் பையைக் கீழே போட்டுவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டான். மெலிந்து போயிருக்கிறான். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்குகிறான். பல மாதம் உத்தரத்துக்கு மேல் கிடந்தவன் அல்லவா?

பத்மினி புட்டும் மீன் குழம்பும் வைத்திருந்தாள். நாலு பேரும் மேசையில் இருந்தோம். இரண்டு வாய் வைத்துவிட்டு மகேன் நிறுத்தினான்.

"அத்தான், அக்கா எல்லாம் எழுதினவா. அந்த வெள்ளைக்காரன் ரெண்டு தரம் மாட்டன் எண்டு சொல்லியும், நீங்கள் விடாமல் பின்னால திரிஞ்சு கேட்டனீங்களாம். உங்கட பேர் கெட்டுப் போகும் எண்டும் பாக்கேல்லையாம். அம்மா உங்களுக்குச் சொல்லச் சொன்னவா. அவ ஒவ்வொரு நாளும் உங்கட பேரைச் சொல்லித்தான் விளக்குக் கொளுத்துறா."

நான் பத்மினியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. தம்பியின் சாப்பாட்டுக் கோப்பையில் இன்னொரு துண்டு மீன் வைத்தாள். அது பெரிய மனதா, தண்டனையா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஊரில் ஒரு கிழவி என் பெயருக்கு விளக்குக் கொளுத்துகிறா. அந்த மனுசியின் மகன் எனக்கு எதிரே இருந்து நன்றியோடு பார்க்கிறான். மகேன் பதிலுக்குக் காத்திருந்தான்.

அப்போது ஷாமினி தலையை நிமிர்த்தாமல் பேசினாள். ஒரு இங்கிலீஷ் சொல் கலக்காமல், தாயின் தமிழில் பேசினாள்.

"ஓம் மாமா. அப்பா கன தரம் கேட்டவர்."

சொல்லிவிட்டுத் தண்ணீர்ப் போத்தலை எடுத்து என் பக்கம் தள்ளி வைத்தாள். கடிகாரத்தைச் சொன்னபோது அது பொய் என்று அவளுக்குத் தெரியாது. இது தெரியும்.